நான்காம் மேஜையின் கை

உள்ளே வந்ததும் லிங்கதுரை முதல் வேலையாக நான்காம் மேஜையின் முன்னால் இருந்த நாற்காலியைக் காலால் ஓர் உதை விட்டார். அடியில் சக்கரம் வைத்த நாற்காலி. உருண்டுபோய்ச் சுவரில் முட்டி நின்றது. பயிற்சி நிலையத்தின் ஆசிரியை ஜெபராணி அதை இழுத்துவந்து பழைய இடத்திலேயே போட்டாள். இருவரும் வணக்கம் சொல்லிக்கொள்ளவில்லை.

"இதுல உக்காந்துதான் ரெண்டு பேரக் கொன்னேன்னு சொல்லுதாவ," என்றார் லிங்கதுரை.

"விசாரணை முடியட்டும் அண்ணாச்சி."

"அண்ணாச்சின்னு கூப்பிடாதிய. கேஸுல என் பேரு லிங்கதுரை."

நான்கு மாதங்களுக்கு முன், வடக்கே கடலோர மாவட்டம் ஒன்றில், ஒரு தொழிற்சாலையின் காஸ்டிக் சோடா தொட்டி நிரம்பி வழிந்தது. கீழே குழாய் கழுவிக்கொண்டிருந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் இருவர் வெந்து இறந்தார்கள். அந்தத் தொட்டியை ஓட்டிக்கொண்டிருந்தது லிங்கதுரையின் கை. லிங்கதுரை அந்த ஊரை வரைபடத்தில்கூடப் பார்த்தவரில்லை. தொட்டி வழிந்த நேரத்தில் அவர் தூத்துக்குடி மார்க்கெட்டில் நின்று சூரை மீனுக்கு விலை பேசிக்கொண்டிருந்தார்.

கை என்று இங்கே சொல்வது என்னவென்று விளக்கிவிட வேண்டும். தொழிற்சாலைகளில் பம்புகளையும் வால்வுகளையும் இயக்க முன்பெல்லாம் நிரல் எழுதுவார்கள். கணக்குப்படி ஓடும் நிரல் சாதாரண நாட்களில் பிசகாது. அசாதாரணமான நாளில் தடுமாறும். அப்படிப்பட்ட நாளில் அனுபவசாலி ஒருவரின் கைதான் சரியாகப் போகும் என்று கண்டுகொண்டவர்கள், கையையே பதிவு செய்தால் என்ன என்று யோசித்தார்கள். இப்போது பயிற்சி பெறுபவர் மெல்லிய கையுறை ஒன்றை மாட்டிக்கொண்டு பயிற்சி மேஜையில் இருபது பாடங்கள் செய்ய வேண்டும். எந்த விரல் எப்போது நகர்ந்தது, எங்கே தயங்கியது, எந்த ஓசைக்கு எதைத் தொட்டது என்று எல்லாம் பதிவாகும். அந்தப் பதிவிலிருந்து ஒரு கை வளர்க்கப்பட்டு, எங்கோ ஒரு தொழிற்சாலையில் இரவு பகலாக வேலை செய்யும். உடையவர் வீட்டில் தூங்கலாம். சட்டத்தில் மட்டும் ஒரு வரி இருந்தது: கை செய்த தவறுக்குக் கையை உடையவரே பொறுப்பு. ஏழு ஆண்டு வரை சிறை.

விசாரணை அதிகாரி முகுந்தன் சென்னையிலிருந்து வந்திருந்தார். வக்கீலுக்குப் படித்தவர். தன் ஒப்பீட்டுக் கருவியை மேஜையோரம் வைத்துவிட்டு, குழாய்களைச் சந்தேகத்தோடு பார்த்தார். தனக்கு இந்த இயந்திர சமாச்சாரம் எதுவும் தெரியாது, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்ல வேண்டும் என்றார்.

ஜெபராணிக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் மேஜையைப் பற்றி யாராவது கேட்டால் அவளால் சும்மா இருக்க முடியாது. கண்ணாடிபோல் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் தொட்டிகள் இரண்டு, ஒன்றின்மேல் ஒன்று. கீழ்த் தொட்டியிலிருந்து பம்பு தண்ணீரை மேலே ஏற்றும். மேலிருந்து அது தானாகக் கீழே வடியும். ஏறுவதும் வடிவதும் சமமாக இருந்தால் மட்டம் ஓரிடத்தில் நிற்கும். வடிவது திடீரென்று குறைந்தால் ஏறுவதையும் குறைக்க வேண்டும். அவ்வளவுதான் பாடம், உலகத்தில் உள்ள எல்லாத் தொட்டிக்கும் இதே பாடம்தான் என்று விரலால் குழாய் வழியைக் காட்டிச் சொன்னாள். மட்டத்தை அளந்து சொல்லும் கம்பியைத் தொட்டபோது அவள் குரலில் கொஞ்சம் உற்சாகமே வந்துவிட்டது.

"இதுல நாலு மில்லி ஆம்பியர்ல இருந்து இருபது வரைக்கும் கரண்ட் வரும் சார். நாலுன்னா தொட்டி காலி. இருபதுன்னா நெறஞ்சிருக்கு."

"ஏன் நாலு? சைபர்லேர்ந்து ஆரம்பிக்கலாமே."

"சைபர் வந்தா கம்பி அறுந்துபோச்சுன்னு அர்த்தம். தொட்டி காலியா இருக்கது வேற, சேதி சொல்லுத கம்பி செத்துப்போனது வேற. ரெண்டையும் குழப்பிக்கிடக் கூடாதுன்னுதான் காலிக்கும் ஒரு நாலு குடுத்திருக்கு."

"சொல்லித் தாரதுல ஒரு குறையும் கிடையாது," என்றார் லிங்கதுரை சுவரைப் பார்த்தபடி. "அந்த அலாரம் சங்கதியையும் சாருக்குச் சொல்லிக்குடுங்க டீச்சர்."

முகுந்தன் நிமிர்ந்தார். இறந்த இருவரின் வழக்கே அந்த அலாரத்தில்தான் நின்றது. மட்டம் தொண்ணூறைத் தாண்டியதும் தொழிற்சாலையில் அலாரம் சரியாக அடித்திருக்கிறது. அடித்த ஒரு விநாடிக்குள் கை அதை அடக்கிவிட்டு, பம்பைத் தொடாமல் விட்டிருக்கிறது. பிறகு பதினொரு நிமிடம் தொட்டி நிரம்பிக்கொண்டே இருந்தது.

அவர் கேள்வியைத் திருப்பிப்போட்டார். இந்த மேஜையில் அந்த அலாரம் எப்போது அடிக்கும்?

ஜெபராணி சொல்லத்தான் வேண்டியிருந்தது. தொட்டியின் உச்சியில் ஒரு கம்பியில் மிதவை ஒன்று ஏறி இறங்கும். தண்ணீர் தொண்ணூறு சதவீதத்தைத் தொட்டால் மிதவை மேலே போய் அலாரத்தை அடிக்க வேண்டும். நிலையத்தில் இருந்தது ஆழ்குழாய்த் தண்ணீர், வாயில் வைக்க முடியாத உப்பு. மூன்றே மாதத்தில் கம்பி முழுக்க வெள்ளையாகப் பூத்துவிட்டது. மிதவை கீழே இறங்காமல் உப்பில் ஒட்டிக்கொள்ளும். தொட்டி பாதி இருக்கும்போதே அலாரம் கத்தும். ஒரு வகுப்பில் முப்பது தடவை, நாற்பது தடவை. கழுவினால் ஒரு வாரம் தாங்கும். புது மிதவை கேட்டாள், வரவில்லை. பதிவுகளை நிறுத்த மேலிடம் சம்மதிக்கவில்லை.

"அதனால?"

"அலாரம் அடிச்சா அந்த மஞ்ச பட்டன அமுக்கிட்டு வேலையப் பாருங்கன்னு சொன்னேன்."

"'அது பொய்க் கத்தல், கண்டுக்கிடாதிய'ன்னு சொன்னிய," என்றார் லிங்கதுரை. "முழுசாச் சொல்லுங்க. அந்த வார்த்தைய நான் நாலு மாசமா கேட்டுக்கிட்டு இருக்கேன்."

முகுந்தன் குறித்துக்கொண்டார். ஆனால் அதனால் சட்டம் மாறாது என்றார். ஆசிரியர் சொன்னது பதிவில் இல்லை. கை செய்தது பதிவில் இருக்கிறது. இப்போது மேஜையில் புது மிதவை பொருத்தியாகிவிட்டது, அலாரம் உண்மையாக அடிக்கும். லிங்கதுரை அதே பாடத்தை மறுபடி செய்யட்டும். தொழிற்சாலையில் ஓடிய கையோடு ஒப்பிடலாம். ஒத்துப்போனால் வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும்.

லிங்கதுரை கையுறையை மாட்ட ஆரம்பித்தார். ஐம்பத்திரண்டு வயது. இருபத்தாறு வருடம் ஒரு ரசாயன ஆலையின் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்தவர். அங்கே கைகள் வந்தபின் வேலை போய், தன் கையையாவது பதிந்துவைக்கலாம் என்று இரண்டு வருடங்களுக்கு முன் இந்த வகுப்புக்கு வந்தவர். கையுறையின் விரல்களுக்குள் அவருடைய தடித்த விரல்கள் சிரமப்பட்டு நுழைவதை ஜெபராணி பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்குத் தெரிந்த ஒரு விஷயம் அந்த அறையில் மற்ற இருவருக்கும் தெரியாது. தொழிற்சாலையில் ஓடியது அவருடைய கையே இல்லை.

வகுப்பில் அவர் அவளுக்குத் தலைவலியாக இருந்தார். அலாரம் அடித்தால் எழுந்துவிடுவார். மேஜையைச் சுற்றிப்போய்த் தொட்டியைக் குனிந்து கண்ணால் பார்ப்பார். திரும்பி வந்து உட்கார்ந்து அதற்குப் பிறகுதான் எதையும் தொடுவார். அவர் எழுந்த நேரமெல்லாம் கையுறை வெறுமையாகப் பதியும். வெறுமை அதிகமானால் பதிவு தானாகத் தள்ளுபடி ஆகும். மூன்று தடவை செய்தார், மூன்றும் தள்ளுபடி. "எல்லாம் திரையில தெரியுதுலா, எதுக்கு எந்திக்கிய?" என்று எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டாள். "திரைய நம்பி உக்காந்திருந்தா நான் எப்பவோ செத்திருப்பேன் டீச்சர்," என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். அவளுக்கு அவமானமாக இருந்தது.

வகுப்பின் கடைசி நாள் மாலைக்குள் எல்லாப் பதிவும் போயாக வேண்டும். பாக்கி விழுந்தவர்களின் கையுறை எண்ணைப் போட்டு ஆசிரியரே பாடத்தை ஓட்டிவிடுவது நிலையத்தில் இருந்த பழக்கம். அதற்குக் கடைசி நாள் கை என்று பெயர்கூட வைத்திருந்தார்கள். யாரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை. அன்றைக்கு லிங்கதுரையின் எண்ணில் உட்கார்ந்து ஓட்டியவள் ஜெபராணி. மறுநாள் அவரிடம் "பாஸ்" என்று மட்டும் சொன்னாள். மூன்றில் ஏதோ ஒன்று தேறிவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார். இன்றுவரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

சொல்லிவிட வேண்டும் என்று நான்கு மாதமாக நினைத்தாள். ஏழு ஆண்டு என்ற சொல் ஒவ்வொரு முறையும் தடுத்தது.

முகுந்தன் ஒரு வால்வைப் பாதி மூடினார். வடிவது குறைந்தது. திரையில் மட்டம் எழுபதிலிருந்து மெல்ல ஏறியது. எண்பது, எண்பத்தைந்து. தொண்ணூறில் அலாரம் அலறியது.

லிங்கதுரை எழுந்தார். மேஜையைச் சுற்றிப்போனார். குனிந்து, தொட்டியின் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுவந்து பார்த்தார். அலாரம் அலறிக்கொண்டே இருந்தது. திரும்பி வந்து பம்பை நிறுத்தினார், மூடிய வால்வைத் திறந்தார், மட்டம் இறங்குவதைப் பார்த்தார், அப்புறம் மஞ்சள் பொத்தானை அமுக்கினார். எழுந்ததிலிருந்து உட்கார்ந்தது வரை பதினான்கு விநாடி.

தொழிற்சாலையில் ஓடிய கையோடு ஒத்துப்போவது பத்தொன்பது சதவீதம் என்றது ஒப்பீட்டுக் கருவி.

"தெரிஞ்ச விஷயம்தான்," என்றார் முகுந்தன். அவர் குரலில் ஏமாற்றமோ வியப்போ இல்லை. "மாட்டிக்கிட்டவங்க எல்லாருமே இப்படித்தான் பண்ணுவாங்க. செத்தது எதனாலன்னு தெரியும். அதுக்கு நேர் எதிரா செஞ்சு காட்ட எவ்வளவு நேரம் ஆகும்?"

"நான் எப்பவும் இப்படித்தான் செய்வேன்."

"உங்க பதிவு அப்படிச் சொல்லலையே."

லிங்கதுரை கையுறையைக் கழற்றி மேஜைமேல் எறிந்தார். ஜெபராணியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கேள்வி எதுவும் இல்லை, வெறுப்பு மட்டும்தான். வெளியே போய்க் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் இருந்த பெஞ்சில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு இந்தப் பத்தொன்பதைக் காட்டி, அது அவர் கையே இல்லை என்று சொல்லக்கூடும். ஆகவே சம்பந்தமில்லாத இன்னொருவரின் கையையும் ஒப்பிட்டு, அதுகூட இவ்வளவு விலகாது, அவர் வேண்டுமென்றே மாற்றிச் செய்தார் என்று காட்டிவிடுவது நல்லது என்றார் முகுந்தன். "நீங்களே போட்டுக்குங்க மேடம். ரெண்டு நிமிஷம்."

ஜெபராணி கையுறையை எடுத்தாள். உள்ளே இன்னும் அவருடைய வியர்வையின் ஈரம் இருந்தது.

மறுத்தால் சந்தேகம் வரும். செய்தால், வேறு மாதிரி செய்துவிட்டால் போதும். அலாரம் அடிக்கட்டும், கையை மடியில் வைத்துக்கொள்ளலாம். ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணலாம். எழுந்துபோய்த் தொட்டியைப் பார்க்கலாம், லிங்கதுரை பார்த்ததுபோலவே. இதில் என்ன கஷ்டம்? வகுப்புக்கு வகுப்பு எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். உட்கார்ந்தாள். முகுந்தன் வால்வை மூடினார். எழுபத்தைந்து. எண்பது. கையை மடிக்குக் கொண்டுவர வேண்டும் என்று நினைத்தாள். எண்பத்தெட்டு. எழுந்திரிக்க வேண்டும், அடித்ததும் எழுந்திரிக்க வேண்டும்.

அலாரம் அடித்ததா என்றே அவளுக்குத் தெரியவில்லை. அடிக்கத் தொடங்கியதும் நின்றுவிட்டிருந்தது. அவள் விரல் மஞ்சள் பொத்தானின்மேல் இருந்தது.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் பம்பை நிறுத்தவில்லை. தண்ணீர் விளிம்பைத் தாண்டி, மேஜையில் பரவி, அவள் செருப்பிலும் முகுந்தனின் தோல் காலணியிலும் கொட்டியது. முகுந்தன் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிப் பின்னால் நகர்ந்தார். ஜெபராணி பம்பை நிறுத்தியபோது கருவி எண்ணைக் காட்டிவிட்டிருந்தது.

தொண்ணூற்றெட்டு.

முகுந்தன் அதை இரண்டு முறை படித்தார். கருவி அதோடு நிற்கவில்லை. ஒத்துப்போகும் கை கிடைத்தால் அதே கை வேறெங்கெல்லாம் ஓடுகிறது என்று தானாகவே தேடும்படி அதைச் செய்திருந்தார்கள். பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் இறங்கின. வெவ்வேறு எண்கள், வெவ்வேறு ஊர்கள், ஒரே கை. அம்மோனியா குளிர்சாதனக் கிடங்கு, கொதிகலன், பால் பண்ணை, குளோரின் நிலையம். ஆறு வருடத்துக் கடைசி நாட்கள். அவள் ஒருபோதும் எண்ணிப் பார்த்ததில்லை. அறுபத்தொன்றில் நின்றது.

முகுந்தன் கண்ணாடிச் சுவரின் பக்கம் ஒருமுறை பார்த்தார். லிங்கதுரை முதுகைக் காட்டியபடியே இருந்தார். முகுந்தன், பேச்சையும் சேர்த்துப் பதிந்துகொண்டிருந்த கருவியின் பதிவை நிறுத்தினார்.

"இது உங்க கைன்னு நான் எழுதினா என்ன ஆகும்னு தெரியுமா?"

"ஜெயிலு."

"அது உங்களுக்கு. நான் ஊருக்குச் சொல்றேன். கை யாருதோ அவங்க அதைத் திரும்ப எடுத்துக்கலாம்னு சட்டத்துல இருக்கு. நீங்க எடுக்கலைன்னாலும் கோர்ட் எடுத்துடும். ஆறு மணி நேரத்துல அறுபத்தோரு ஆலையில கை நிக்கும். கொதிகலனை யார் பாப்பா? கட்டுப்பாட்டு அறையில உக்கார ஆள் எங்க இருக்கு? எல்லாரையும் அனுப்பி வருஷம் எத்தனை ஆச்சு."

அவள் திரையில் இருந்த பெயர்களைப் பார்த்தாள்.

"லிங்கதுரை ஒருத்தர். அவர் பேர்ல ஒரே ஆலை, அதுவும் ஏற்கெனவே மூடியாச்சு," என்றார் முகுந்தன். இப்போது அவர் குரல் தாழ்ந்து, கிட்டத்தட்ட அன்பாக இருந்தது. "மத்ததை எல்லாம் சத்தமில்லாம ஒவ்வொண்ணா மாத்திக்கலாம். ரெண்டு வருஷம், மூணு வருஷம். கருவி நனைஞ்சு போச்சு, ரீடிங் சரியா வரலைன்னு எழுதிடறேன். நீங்க வாயத் திறக்காம இருந்தாப் போதும்."

ரெண்டு வருஷம், மூணு வருஷம். அந்த அறுபத்தோரு இடங்களில் ஏதாவது ஒன்றில் இந்த நிமிடம் ஓர் அலாரம் அடிக்கலாம் என்று ஜெபராணி நினைத்தாள். அடித்த ஒரு விநாடிக்குள் அடங்கிவிடும். கீழே யாராவது குழாய் கழுவிக்கொண்டிருப்பார்கள்.

கையுறையோடேயே கையை நீட்டிக் கருவியின் பதிவை அவள் மறுபடி ஓடவிட்டாள். முகுந்தன் தடுப்பதற்குள் பேச ஆரம்பித்துவிட்டாள். தன் பெயர், தகப்பன் பெயர், நிலையத்தின் பெயர். "அறுபத்தொண்ணும் என் கை. அத்தனையையும் திரும்ப எடுத்துக்கிடுதேன்."

பேச்சு பதிவாகிவிட்டால் அது கையைத் திரும்ப எடுக்கும் மனுவுக்குச் சமம். கருவி நேரத்தைக் குறித்தது. காலை பதினொன்று இருபது.

"பைத்தியம்," என்றார் முகுந்தன். "மாலை அஞ்சு இருபதுக்கு என்ன செய்யப்போறீங்க?" அவர் போனை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனார். சென்னையில் யாரிடமோ கெஞ்சும் குரலில் பேசத் தொடங்கினார்.

ஜெபராணி கதவைத் திறந்து லிங்கதுரையைக் கூப்பிட்டாள். அவர் எழுந்துவரவில்லை. அவளே பெஞ்சுக்குப் போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். மூன்றும் தள்ளுபடி ஆனதை. கடைசி நாளை. அறுபத்தொன்றை. மன்னிப்புக் கேட்க ஒரு வாக்கியம் தொடங்கினாள்.

"அது வேண்டாம்," என்றார் அவர்.

அவர் முகத்தில் நிம்மதி வரும் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். வரவில்லை. 

"செத்துப்போனவ ஒருத்தி பேரு கலைவாணி. அவ வீட்டுக்கு நான் போனேன், தெரியுமா? என் கைதான்னு அவ புருசன் கால்ல விழுந்தேன். அவன் என்னத் தொடக்கூட இல்ல." கண்ணாடிக்கு அப்பால் நான்காம் மேஜையைப் பார்த்தார். "அஞ்சு இருவதுக்கு எல்லாக் கையும் நிக்குமா?"

"நிக்கும்."

"அறுபத்தோரு பேரு பதிவையும் எதுக்குத் தள்ளுனிய?"

அவள் யோசித்தாள். நான்காம் மேஜையில் அலாரம் அடித்தால் எழுந்துபோகிறவர்கள் எல்லோருமே ஆலைகளிலிருந்து வந்த பழைய ஆட்கள். எழுந்துபோனவர்களின் பதிவு மட்டும்தான் வெறுமையானது. அந்த வெறுமையில் எல்லாம் அவள் தன் கையை வைத்திருந்தாள். இதை அவள் இதற்குமுன் இப்படிச் சேர்த்துப் பார்த்ததே இல்லை.

லிங்கதுரைக்கு அவள் முகமே பதிலாக இருந்தது. எழுந்து உள்ளே போனார், ஈரத்தில் கால் வைத்து, நாற்காலியைத் தள்ளிவிட்டு மேஜையோரம் நின்றார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"தள்ளுபடி ஆனவங்க பட்டியல எடுங்க. ஒவ்வொருத்தரும் எந்த ஊருன்னு பாத்து, அஞ்சு இருவதுக்குள்ள பக்கத்துல கை நிக்கப்போற ஆலைக்கு உக்கார அனுப்பணும். வாசிங்க."

"செய்யதலி, காயல்பட்டினம். ஒன்பது நாலு..."

"ஏன் தள்ளுனியன்னு ஒரு கட்டம் போட்டு எழுதியிருப்பியல்லா. அதையும் சேத்து வாசிங்க."

அவள் அவரைப் பார்த்தாள். அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளே தட்டச்சு செய்த வரி அது. அறுபத்தொரு தடவை.

"செய்யதலி," என்று தொடங்கி எண்ணை முழுதும் சொன்னாள். "இருக்கையை விட்டு எழுந்தார்."

லிங்கதுரை எண்ணை அழுத்திக் காதில் வைத்தார். மறுமுனையில் மணி அடித்தது. இடக்கையால் அடுத்தது என்று சைகை காட்டினார்.

"அந்தோணி குரூஸ். இருக்கையை விட்டு எழுந்தார்."

"சத்தமா," என்றார் லிங்கதுரை.